இருபத்திரண்டு வருடம் கேட்காத பேஸ்

அவர் இறந்த பதினெட்டாம் நாள் என் காது பழுதாகிவிட்டது என்ற முடிவுக்கு வந்தேன். ஸ்காபரோவில் மல்வேர்ன் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில், காருக்குள், மடியில் கொத்துரொட்டிப் பெட்டியோடு இருந்தபோது எடுத்த முடிவு அது. பெரிய முடிவுகளை நான் காருக்குள்தான் எடுப்பது வழக்கம். மாரடைப்பு வந்துவிட்டது என்று மூன்று தரம் முடிவெடுத்ததும் இதே இருக்கையில்தான். மூன்றும் வாய்வு.

அவர் எங்கள் இசைக்குழுவின் பாடகர். குழு என்றால் மூன்றே பேர். அவர் கிற்றாரும் குரலும், நான் பாட்டுக்கு அடியில் கீழ்ச்சுரம் போடும் பேஸ் கிற்றார், எங்களைவிட மிகவும் இளைய ஒருவர் ட்ரம்ஸ். பாடியது கன்ட்ரி, கொவ்பாய்மாரின் ஆங்கிலப் பாட்டு வகை. பாடகர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொறி ஓடப் பழகி, வின்னிபெக்குக்குப் போவதும் வருவதுமாகப் பாதி ஆயுளைக் கழித்த மனிதர். வழியில் பல மணி நேரம் ஒரேயொரு வானொலிதான் எடுபடும். அதில் அந்தப் பாட்டுத்தான் போகும். "வேறை ஒண்டும் கேக்கேலாத இடத்திலை அதைக் கேட்டன் தம்பி. பேந்து வேறையைக் கேக்கேலாமல் போச்சு" என்பார்.

மேடையில் அகன்ற கொவ்பாய் தொப்பி போடுவார். தொப்பிக்குக் கீழே மூன்று குறி விபூதி. வியர்த்தால் விபூதி கரைந்து புருவத்துக்கு இறங்கும். விட்பிப் பக்கத்துப் பழைய படைவீரர் மண்டபத்தில், சனிக்கிழமை பின்னேரங்களில் பியரோடு இருக்கும் வெள்ளைக்காரக் கிழவர்கள் அது ஏதோ மேக்கப் என்று நினைத்திருக்க வேண்டும். முதல் பாட்டுக்கு முறைப்பார்கள். மூன்றாவது பாட்டில் ஒருவர் எழும்பி ஆடுவார். எங்கள் ஆட்களின் பிறந்தநாள் விழாக்களிலும் வாசிப்போம். அங்கே சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே தான் எழுதிய தமிழ் கன்ட்ரி ஒன்றைச் செருகிவிடுவார். லொறியின் ஹீற்றர் பழுதானது பற்றி ஒன்று, பனி தள்ளும் வண்டிக்காரன் தன் வாசலை மட்டும் மூடிவிட்டுப் போவது பற்றி ஒன்று. சனம் அந்த நேரம் பார்த்துத் தின்ன றோல்ஸ் எடுக்கப் போகும்.

மார்கழியில் ஒரு காலை வாசல் பனியை வழித்துவிட்டு உள்ளே வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். தேத்தண்ணி கேட்டார். அக்கா அதைக் கொண்டுவந்தபோது ஆள் இல்லை. அக்கா என்று நான் சொல்வது அவருடைய மனைவியை.

அக்கா என்னிடம் இரண்டு வேலை தந்தார். முதலாவது, முப்பத்தோராம் நாள் வெளியிடும் கல்வெட்டுக்கு நண்பர் புலம்பல் வேண்டும். எங்கள் ஆட்களுக்குக் கல்வெட்டு என்றால் ஒரு சின்னப் புத்தகம். அட்டையில் இறந்தவர் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிறகு மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வரிசையாக வெண்பாக்கள். உண்மையில் புலம்புவது ஸ்காபரோவில் அச்சகம் வைத்திருக்கும் ஒரே மனிதர்தான். நாங்கள் விபரம் சொன்னால் அவர் எல்லோருக்காகவும் புலம்பித் தருவார். நான் தொலைபேசியில் விபரம் சொன்னேன். குரல் அவருடையது, பேஸ் என்னுடையது, இருபத்திரண்டு வருடம் சேர்ந்து வாசித்தோம், பேஸ் இல்லாவிட்டால் பாட்டு நிற்காது. அரை மணி நேரத்தில் அனுப்பினார்:

பாரெங்கும் நின்குரல் பாட அதன்கீழே
வேரென நின்றதென் பேஸ்அன்றோ - ஊரெல்லாம்
கேட்டு மகிழ்ந்த கிராமிய இன்னிசையை
மீட்டுவ தெங்ஙன் இனி.

கன்ட்ரி கிராமியம் ஆகிவிட்டது. ஆனாலும் இரண்டாவது அடியை மூன்று தரம் வாசித்தேன். என்னைப் பற்றி ஒருவர் வெண்பாவில் நல்லது சொன்னது அதுதான் முதல் தரம். சொல்லச் சொன்னது நானே என்பது வேறு கதை. அடியுங்கோ என்றேன்.

இரண்டாவது வேலை, அன்றைக்கு மண்டபத்தில் போட அவருடைய பாட்டில் இரண்டு தெரிவு செய்வது. "இதுக்குள்ளை எல்லாம் கிடக்காம் தம்பி" என்று ஒரு யூஎஸ்பியை அக்கா கையில் தந்தார். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் அவர் மிக்ஸரிலிருந்து நேரே அதில் பதிவு செய்து வைத்திருந்தார். மூன்று பேருடைய சத்தமும் போய்ச் சேர்ந்து, அளவு பார்த்துக் கலந்து, பெரிய ஸ்பீக்கருக்குப் போகும் பெட்டிதான் மிக்ஸர். அது எப்போதும் அவருடைய இடக்கைப் பக்கம் இருக்கும். வேறு யாரும் தொடுவதில்லை.

அந்த யூஎஸ்பியைத்தான் காரில் போட்டுவிட்டுக் கொத்துரொட்டியைத் திறந்தேன். ஹீற்றர் பாட்டு வந்தது. குரல் வந்தது. ட்ரம்ஸ் வந்தது. என் பேஸ் வரவில்லை. கார் ஸ்பீக்கர் சரியில்லை என்று கீழ்ச்சுரத்தின் அளவைக் கூட்டினேன். அவருடைய கிற்றாரின் கீழ்த்தந்தி மட்டும் கூடியது. பெருவிரலால் அவர் அதை டும், டும் என்று தட்டிக்கொண்டு போனார். அடுத்த நிகழ்ச்சி. இல்லை. அதற்கு முந்திய வருடம். இல்லை. சாமத்தியவீட்டுச் சடங்கு, பிறந்தநாள், படைவீரர் மண்டபம், எதிலும் இல்லை.

மற்ற மனிதர்கள் என்றால் இந்த இடத்தில் ஏதாவது சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் உடனே என் காதைச் சந்தேகப்பட்டேன். கீழ்ச்சுரம் மட்டும் கேட்காத செவிடு என்று ஒன்று இருக்கிறதா என்று போனில் தேடினேன். இருந்தது. அதற்கு மேலே வாசித்தால் மூளைக் கட்டியில் போய் முடிந்தது. கொத்துரொட்டி ஆறிப்போனது. ஐந்து நிமிடத்தில் எனக்கு வலது கை விறைத்தது, நாக்குத் தடித்தது, என்னுடைய கல்வெட்டுக்கு யார் விபரம் சொல்வார்கள் என்ற கவலையும் வந்தது.

பக்கத்துப் பிளாசாவில் காது கேட்கும் கருவி விற்கும் கடை ஒன்றில் இலவசமாகப் பரிசோதிப்பார்கள். நேரே போனேன். ஒரு சின்னப் பெட்டிக்குள் இருத்தி, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பித்தானை அமத்தச் சொன்னா அங்கே வேலை செய்யும் ஒரு பெண்பிள்ளை. எனக்கு இருந்த பதற்றத்தில் சத்தம் வர முன்னரே அமத்தினேன். "பொறுங்கள் சேர், நான் இன்னும் தொடங்கவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னா. இரண்டாம் தரம் ஒழுங்காகச் செய்தேன். படத்தைக் காட்டி, உங்கள் வயதுக்கு மிக நல்ல காது, அதுவும் கீழ்ச்சுரங்கள் அபாரம், நீங்கள் இசைக்கலைஞரா என்று கேட்டா.

வாழ்க்கையில் ஒரு மருத்துவச் செய்தி நல்லதாக வந்து நான் இடிந்துபோய் இருந்தது அன்றைக்குத்தான். காது சரி என்றால் பேஸ் எங்கே?

ட்ரம்ஸ் வாசிப்பவரை அடுத்த நாள் வேலை முடிய ஒரு கோப்பிக் கடையில் பிடித்தேன். அவருக்கு மிசிசாகாவில் ஒரு அலுவலகத்தில் வேலை. அங்கிருந்து காரில் வந்து சேர ஒன்றேகால் மணி நேரம். வரும்போதே களைத்திருந்தார். யூஎஸ்பியை மேசையில் வைத்தேன்.

"இதிலை என்ரை பேஸ் இல்லை."

அவர் கோப்பியின் மூடியைக் கழற்றினார். திரும்பப் போட்டார். திரும்பக் கழற்றினார்.

"அண்ணை… லைக்… உங்களுக்குத் தெரியாதோ?"

"என்ன தெரியாதோ?"

"ஐ மீன், உங்களுக்குத் தெரியாதெண்டு எனக்குத் தெரியாது. நான் பாண்டுக்கு வரேக்கையே அப்பிடித்தான் இருந்தது. உங்கடை ஃபேடர் கீழை. பாட்டு அண்ணை சொன்னார், லீவ் இற், அப்பிடியே விடும் எண்டு."

ஃபேடர் என்பது மிக்ஸரில் மேலும் கீழும் தள்ளும் கட்டை. ஆளுக்கொன்று. மேலே தள்ளினால் அவர் சத்தம் சபைக்குக் கேட்கும். அடியில் விட்டால் கேட்காது.

"எவ்வளவு கீழை?"

"சைபர் அண்ணை."

"எந்தெந்த நிகழ்ச்சி?"

அவர் கோப்பிக்குள் பார்த்தார். "ஓல் ஒஃப் தெம்."

"நீர் எத்தினை வருசமாய் எங்களோடை வாசிக்கிறீர்?"

"ஒன்பது."

"ஒன்பது வருசம் வாயைத் திறக்கேல்லை."

"நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு அவ்வளவு ஃபீலோடை வாசிப்பியள் அண்ணை. எப்பிடிச் சொல்லுறது?"

காருக்குள் வந்து இருந்தேன். இந்தமுறை மாரடைப்பு என்று நினைக்கவில்லை. அந்த அளவுக்குக் கோபம்.

நான் ஒன்றையும் மறைக்கப் போவதில்லை. தொடக்கம் எங்கே என்று எனக்குத் தெரியும். குழுவில் சேர்ந்த முதல் வருடம், விட்பி மண்டபத்தில் என் முதல் மேடை. விளக்குப் போட்டதும் எனக்குப் பதற்றம் பிடித்தது. உள்ளங்கை நனைந்து தந்தி வழுக்கியது. முதலாவது பாட்டு முடிந்துவிட்டதென்று நினைத்து இரண்டாவதைத் தொடங்கிவிட்டேன். அவரும் அப்போதிருந்த ட்ரம்ஸ்காரரும் இன்னும் முதலாவதில் நின்றார்கள். திரும்பி வரத் தெரியவில்லை. விட்ட பிழையோடு துணிந்து ஓடி, எல்லோருக்கும் ஒரு நிமிடம் முன்னதாகவே முடித்து, சபைக்குத் தலை குனிந்து வணங்கியும் விட்டேன். ஒரு கிழவர் மட்டும் கை தட்டினார்.

காரில் சாமான் ஏற்றும்போது எங்கள் பாடகர், "பரவாயில்லை தம்பி. எல்லாருக்கும் முதல் நாள் உப்பிடித்தான்" என்றார். அடுத்த நிகழ்ச்சிக்கு முன், என் காலடியில் இருந்த சின்ன ஸ்பீக்கர்ப் பெட்டியைத் தன் கையாலேயே என் முகத்துக்கு நேரே திருப்பி வைத்தார். "இது உனக்கு மட்டும். உன்ரை சத்தம் உனக்கு வடிவாய்க் கேக்கட்டும். சனத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

பார்த்துத்தான் கொண்டார்.

அதற்காகவும் நான் இவ்வளவு எரிந்திருக்க மாட்டேன். ஒரு பிழை விட்டேன், ஒரு பொழுது அடக்கி வைத்தார், சரி. பாராட்டினாரே! ஒவ்வொரு நிகழ்ச்சியும் முடிய, தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு பாராட்டினார். "இண்டைக்கு நீதான் தம்பி தூக்கி நிறுத்தினது." "மூண்டாவது பாட்டிலை ஒரு இறக்கம் இறங்கினாய், எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது." சைபரில் கிடந்த கட்டைக்கு மயிர் கூச்செறிந்ததாம். நான் அதை நம்பி வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். விலை கூடிய தந்திகளாகப் பார்த்து வாங்கி மாட்டியிருக்கிறேன். சத்தம் இன்னும் சுத்தமாக வரும் என்று. அவர் தடவிப் பார்த்து, "ஓம், வித்தியாசம் தெரியுது" என்றார்.

ஒரு தரமாவது "தம்பி, நீ பிந்துறாய்" என்று சொல்லியிருந்தால், போய் இருந்து பழகியிருப்பேன். "நீ சரிவராய்" என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். சனிக்கிழமைகளில் மற்றவர்கள்போல வீட்டில் இருந்து வயிறு வளர்த்திருப்பேன். இரண்டும் செய்யவிடவில்லை. பிழை விடும் சந்தர்ப்பத்தைக்கூட என்னிடமிருந்து எடுத்து, தன் பெருவிரலால் டும், டும் என்று நிரப்பிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பி நான் இருபத்திரண்டு வருடம் இசைக்கலைஞனாக இருந்தேன்.

இந்த நிலையில் வெண்பா ஞாபகம் வந்தது. அச்சகத்துக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, அந்த நண்பர் புலம்பல். இரண்டாவது அடியிலை பேஸை எடுக்கேலுமோ?"

"ஏன் தம்பி?"

"அது… அவ்வளவு கேக்கேல்லையாம்."

"பேஸை எடுத்தால் தளை தட்டும். வெண்பா இடிஞ்சு விழும்."

"விழட்டும்."

"விழுத்தேலாது தம்பி. அடிச்சு, கட்டி, வீட்டை குடுத்தாச்சு. வடிவாய் வந்திருக்கு. வேரெண்டு போட்டது நல்லாய்ப் பொருந்தியிருக்கு. வேர் வெளியிலை தெரியாதுதானே."

அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். போனை வைத்துவிட்டேன்.

அக்காவிடம் யூஎஸ்பியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கேட்டே விட்டேன். அவர் அடுப்படியில் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மேடையிலை என்ரை பேஸ் ஒருத்தருக்கும் கேக்கிறேல்லை எண்டது உங்களுக்குத் தெரியுமோ?"

"ஆருக்குத் தெரியும் தம்பி. எனக்கு அவரின்ரை பாட்டே பிடிக்கிறேல்லை. அழுறமாதிரி இழுக்கிற பாட்டு. முப்பது வருசம் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு எண்டு சொன்னன்." சீனிப்போத்தலை மூடினார். "வேறை என்ன சொல்லுறது? மனுசன் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து நிக்கும்."

கொஞ்ச நேரம் எனக்கு ஒரு குரூரமான சந்தோசம் வந்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். அவரையும் ஒருத்தர் நன்றாக ஏமாற்றியிருக்கிறார். ஆனால் அந்தச் சந்தோசம் காருக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. அக்கா பின்னால் வாசல்வரை வந்து, "உந்த யூஎஸ்பியைப் போடாமல் நீங்கள் ரெண்டு பேருமாய் வாசிச்சால் என்ன? ரெண்டு பாட்டு. ட்ரம்ஸ்காரத் தம்பி பாடுவன் எண்டவர்" என்றார்.

வாசிக்க மாட்டேன் என்றுதான் நினைத்தேன். காய்ச்சல் என்று சொல்ல, இருமிப் பழகியும் பார்த்தேன். பிறகு வேறொரு எண்ணம் வந்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. அவர் இல்லை. மிக்ஸருக்குப் பக்கத்தில் அவருடைய கை இல்லை. நான் வாசிப்பது எப்படி இருக்கும் என்பது எனக்கே தெரியாது. ஒரு தரமாவது அதை அந்தப் பெரிய ஸ்பீக்கரில் கேட்க வேண்டும். நல்லதோ கெட்டதோ.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் இருநூறு பேர். எல்லோர் கையிலும் கல்வெட்டு. எனக்குப் பின்னால் இருந்த ஒரு அன்ரி நண்பர் புலம்பலைச் சத்தமாக வாசித்துவிட்டு, "உவர் கிராமியப் பாட்டுப் பாடினவரோ? நான் இங்கிலிஷ் பாட்டெண்டெல்லோ நினைச்சன்" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். வழமைபோல என் உள்ளங்கை நனைந்தது. வழமைபோல வாசல் எங்கே என்று பார்த்து வைத்தேன்.

மிக்ஸரை ட்ரம்ஸுக்குப் பக்கத்திலும், என் சின்ன ஸ்பீக்கர்ப் பெட்டியை வழமைபோல என் காலடியிலும் வைத்திருந்தோம். அவருடைய காலத்தில் நான் மிக்ஸரைக் கிட்ட நின்று பார்த்ததே இல்லை. கட்டைகளுக்குக் கீழே மாஸ்க்கிங் ரேப் துண்டுகள் ஒட்டி, எது எவருடையது என்று எழுதியிருந்தார். குரல். கிற்றார். ட்ரம்ஸுக்கு இரண்டு. ஐந்தாவதில் "தம்பி". பழைய ரேப், ஓரங்கள் கறுத்திருந்தன. கட்டை அடியில் கிடந்தது. அதைப் பிடித்து மேலே தள்ளினேன். தூசு கிடந்ததால் இறுகி, கரகரத்துக்கொண்டு போனது.

பனி தள்ளும் வண்டிக்காரன் பாட்டுத்தான் முதலில். முதல் சுரத்தில் மண்டபத்து யன்னல் அதிர்ந்தது. நான் பயந்துபோய்ப் பின்னால் திரும்பிப் பார்த்தேன்; அது நான்தான். இரண்டு வரி போனதும் என் காதுக்கே விளங்கிவிட்டது. காதுக் கடைப் பிள்ளை சொன்ன அந்த அபாரமான காதுக்கு. ஒவ்வொரு அடியிலும் ஒரு மயிரிழை பிந்துகிறேன். எப்போதும் அதே மயிரிழை. யாராவது சொல்லியிருந்தால் ஒரு மாதத்தில் திருந்தக்கூடிய பிழை. கண்ணை மூடிக்கொண்டேன். வழக்கம் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டே அவரைத் திட்டினேன், வாயில் சொல்லக்கூடிய எல்லாவற்றாலும், தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி.

பாட்டு முடிந்தது. கை தட்டுவதா இல்லையா என்று தெரியாத சபை கொஞ்சம் தட்டியது. முன் வரிசையில் இருந்த ஒரு அங்கிள் என்னைக் கிட்ட வரும்படி கையால் கூப்பிட்டார்.

"தம்பி, தொடக்கத்திலை ஏதோ உறுமினது, என்னது?"

"அது என்ரை பேஸ் அங்கிள்."

"நான் ஸ்பீக்கர் வெடிக்கப்போகுதெண்டு பயந்திட்டன். ஆனால் கெதியிலை திருத்திப் போட்டியள். பேந்து நல்லாயிருந்தது."

நான் ஒன்றையும் திருத்தவில்லை; காலடிப் பெட்டியில் என் சத்தம் எனக்குக் கடைசிவரை கேட்டது. நேரே மிக்ஸருக்குப் போனேன். ஐந்தாவது கட்டை அடியில் கிடந்தது.

ட்ரம்ஸ்காரர் தடிகளை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

"சொறி அண்ணை. அக்கா முன்னாலை இருக்கிறா… நான் பனிக் பண்ணிட்டன்."

"பனிக் பண்ணுறது என்ரை வேலை" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஒன்பது வருடம் பார்த்துப் பழகிய கை, தானாகப் போயிருக்கும். அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவரின் படம் மாலையோடு மேசையில் இருந்தது, தொப்பியோடு, நான் அன்றைக்கும் அபாரமாக வாசித்தேன் என்று சொல்லப்போகும் அதே சிரிப்போடு.

கட்டையை மீண்டும் மேலே தள்ளினேன், கரகரவென்று, முடியும் இடம்வரை. பிறகு "தம்பி" என்று எழுதியிருந்த ரேப்பை ஓரத்திலிருந்து நகத்தால் கிளப்பி, கிழியாமல் எடுத்து, கட்டை கீழே வராதபடி அதற்குக் குறுக்கே ஒட்டி, பெருவிரலால் இரண்டு தரம் அழுத்தினேன்.

"அடுத்தது ஹீற்றர் பாட்டு. எண்ணும்" என்றேன்.

அவர் தடியைத் தட்டி நாலு எண்ணினார். நான் தொடங்கினேன். முன் வரிசை அங்கிள் இரண்டு கையாலும் காதைப் பொத்தினார்.